முழங்கை உள்பக்க வலி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

சென்னையில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று முழங்கையின் உள்பக்க வலி. வருபவர்களில் பலர் தைலம் தடவி, உருவி விட்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு, கையை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தும் பார்த்துவிட்டு, ஒன்றும் சரிவரவில்லை என்று வருகிறார்கள். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் இரண்டு பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## இதெல்லாம் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்

இடது கை உள்பக்கமாக வலி, கூடவே நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடை வரை இழுப்பு என்றால் 108க்கு போன் போடுங்கள். முழங்கையை அழுத்தினாலும் மடக்கினாலும் வலி மாறவில்லை, மாடிப்படி ஏறினால் மட்டும் வருகிறது, நின்றால் குறைகிறது என்றாலும் அது முழங்கைப் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அன்றைக்கே இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் அடித்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். கீழே விழுந்த பிறகு கையை நீட்டவோ மடக்கவோ முடியவில்லை என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைதான், எண்ணெய் போட்டு உருவக் கூடாது.

## முதலில் ஒரே விரலால் இடத்தைக் காட்டுங்கள்

கையைத் தொங்கவிட்டு உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி திருப்புங்கள். முழங்கையில், உடம்பை ஒட்டிய பக்கமாக ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். என்னிடம் வருபவர்களுக்கு அந்த முனையில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன், பிறகு வலிக்கும் இடத்தை அவர்களையே தொடச் சொல்வேன்.

புள்ளியிலோ, அதற்கு அரை விரல் கீழே, சற்று முன்பக்கமாகவோ விரல் போனால், மணிக்கட்டை மடக்கும் தசைகள் எல்லாம் சேர்ந்து எலும்பில் ஒட்டுகிற தசைநாண் அங்கேதான் இருக்கிறது. டாக்டர்கள் கோல்ஃபர்ஸ் எல்போ என்று எழுதுவது இதைத்தான், கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வரும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரல் போனால் அங்கே ஓடுவது அல்நார் நரம்பு, எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடிக்குமே, அதே நரம்பு. விரல் வெளிப்பக்க எலும்புக்குப் போனால் அது டென்னிஸ் எல்போ, அதற்குப் பயிற்சி வேறு.

ஒரே விரலால் காட்ட முடியாமல் கை முழுக்கத் தடவிக் காட்டுகிறீர்கள் என்றால் கழுத்தையும் சந்தேகப்பட வேண்டும். அது கீழே வருகிறது.

## அறிகுறி: பிழியும்போது, இறுக்கிப் பிடிக்கும்போது, தூக்கும்போது அந்தப் புள்ளியில் சுருக்கென்று குத்துகிறது

உறுதிப்படுத்த மூன்று சோதனை போதும். ஒன்று, முன்கையை மேசையில் வைத்து உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மற்ற கையால் அந்த உள்ளங்கையைக் கீழே அழுத்திக்கொண்டே மணிக்கட்டை மேலே மடக்கப் பாருங்கள். இரண்டு, வீட்டில் யாரிடமாவது கை குலுக்குவது போல் கொடுத்து, உங்கள் உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள், அவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று, முழங்கையை நன்றாக நீட்டி, உள்ளங்கையை மேலே வைத்து, விரல்களை மற்ற கையால் கீழ்நோக்கி இழுங்கள். இவற்றில் முதல் இரண்டும் பேனா புள்ளி அருகிலேயே வலியைக் கிளப்பினால் பெரும்பாலும் தசைநாண்தான். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்தாக வேண்டியதில்லை.

செலவில்லாமல் முதலில் காரணத்தைத் தேடுங்கள்: சமீபத்தில் எது கூடியது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாஷிங் மெஷின் ரிப்பேராகி பெட்ஷீட்டைக் கையால் பிழிய ஆரம்பித்திருப்பார்கள். வீடு மாறியதில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்குவார்கள். கல்யாண சீசனில் ஆர்டர் கூடிய டெய்லர், நாள் முழுக்க ஸ்க்ரூடிரைவர் முறுக்கும் ஏசி மெக்கானிக், ஜிம்மில் சேர்ந்த உற்சாகத்தில் சின்-அப் எண்ணிக்கையை ஒரேயடியாக ஏற்றியவர் என்று எல்லாருமே வருகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் கொஞ்சம் சுலபமாகவே வந்துவிடுகிறது.

காரணம் தெரிந்த பிறகு அந்த வேலையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், பல பேருக்கு அது பிழைப்பு. செய்யும் விதத்தை மாற்றலாம். ஈரப் போர்வையை முறுக்கிப் பிழியாமல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ கொடியிலோ அப்படியே போட்டு நீர் வடிய விட்டு, அப்புறம் உதறிக் காயப்போடுங்கள். தண்ணீர் கேனைக் கவிழ்க்கவே வேண்டாம், மேலே செருகும் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் கழுத்தைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்காமல் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். தேங்காய் துருவும்போது மூடியைக் கவிழ்த்துப் பிடித்து மணிக்கட்டை மடக்கி அழுத்துவதும், கிரைண்டர் கல்லை ஒரு கையால் எடுப்பதும் இந்தத் தசைநாணை நேராகச் சோதிக்கும் வேலைகள். கல்லை இரண்டு கையால் எடுங்கள். துருவலுக்கு மிக்ஸியே போதும்.

இடது முழங்கையில் மட்டும் வலி, தினமும் பைக் ஓட்டுகிறீர்கள் என்றால் கிளட்சைப் பாருங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் முதல் கியரில் ஊர்ந்தபடி ஒரு மணி நேரம் கிளட்ச் பிடிப்பது, இறுகிப்போன கேபிளாக இருந்தால், விரல் மடக்கும் தசைகளுக்கு அன்றாடம் ஜிம் போன மாதிரிதான். கேபிளுக்கு எண்ணெய் விட்டு, தேவைப்பட்டால் மாற்றி, லீவர் கைக்கு எட்டும்படி இறக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் செய்யும் இந்தச் சின்ன வேலையிலேயே வலி பாதி இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலது கை என்றால் ஆக்சிலேட்டரை நசுக்கிப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஜிம் ஆட்களுக்கு: உள்ளங்கை உங்களைப் பார்க்கும் பிடியில் நேர் கம்பியை இழுப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, இரண்டு உள்ளங்கையும் எதிரெதிரே பார்க்கும் பிடிக்கு மாறுங்கள். மணிக்கட்டு உள்ளே சுருண்டுகொள்ளாமல் நேராக இருக்கட்டும்.

கொஞ்சம் செலவு: பட்டை, ஐஸ், ஜெல். முழங்கைப் பட்டையை எலும்பு முனையின் மேலேயே கட்டாதீர்கள். முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில், வேலை நேரத்தில் மட்டும் போடுங்கள். போட்ட பிறகு சுண்டு விரல் மரத்தால் உடனே கழற்றிவிடுங்கள், நரம்பு நசுங்குகிறது. தூங்கும்போது வேண்டவே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், டைக்ளோஃபெனாக் ஜெல், இதெல்லாம் வலியைத் தணிக்க உதவும், அவ்வளவுதான். வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாரக்கணக்கில் விழுங்குவது தப்பு. அல்சர், சிறுநீரகக் கோளாறு, பிபி, இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம்.

இதுதான் சிகிச்சை: அளவான பாரம். தசைநாண் பாரம் தாங்கித்தான் பலப்படும். அந்தப் பாரம் சிறிதாகத் தொடங்கி மெதுவாக ஏற வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அசைக்காத பயிற்சி. மேலே சொன்ன முதல் சோதனை மாதிரியே உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மற்ற கையால் உள்ளங்கையை அழுத்திப் பிடியுங்கள், மணிக்கட்டு மேலே வரப் பார்க்கட்டும், ஆனால் நகரக் கூடாது. உங்கள் பலத்தில் பாதி போதும். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு நாலைந்து தடவை, காலையும் மாலையும்.

அது பழகியதும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அரைக் கிலோ. முன்கை மேசையில் இருக்கட்டும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை மேலே. மற்ற கை உதவியோடு பாட்டிலை மேலே கொண்டுபோய், பிறகு உதவியை எடுத்துவிட்டு நாலு விநாடி எண்ணிக்கொண்டே கீழே இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டில். கூடவே ஒரு சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்து, தலைப்பகுதி மேலே இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துத் திருப்புங்கள். அதே எண்ணிக்கை. கனமாகத் தெரிந்தால் பிடியைத் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்ளலாம்.

பத்துக்கு மூன்று நாலு என்கிற அளவில் வலி இருந்தால் பயப்படாதீர்கள், தொடரலாம். மறுநாள் காலையில் வலி பழைய அளவிலேயே இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஆறு வாரத்துக்கு முன்னால் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதம் சாதாரணம், பழைய வலியென்றால் ஆறு மாதமும் ஆகும்.

## அறிகுறி: ஓய்வெடுத்தால் போய்விடுகிறது, வேலைக்குத் திரும்பினால் வந்துவிடுகிறது

என்னிடம் வந்த ஒரு பரோட்டா மாஸ்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பத்து நாள் ஊருக்குப் போய் இருந்தேன் மேடம், சுத்தமா வலியே இல்ல. கடைக்கு வந்த மொத நாள் நைட்டே கையத் தூக்க முடியல." மாவை எப்படி உருண்டை பிடிப்பீர்கள் அண்ணே என்று கேட்டேன். மாவுக் குவியலை இடது கையால் அள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, ஒரு திருகு திருகிக் கிள்ளிப் போடுவதைக் காற்றில் செய்து காட்டினார். அந்தத் திருகலில் அவர் முன்கை உள்சதை ஒவ்வொரு தடவையும் கயிறாக எழும்பி நின்றது. ஒரு ராத்திரிக்கு அந்தத் திருகல் எத்தனை நூறு என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வகைக்குக் காரணம் ஒன்றுதான். ஓய்வில் வலி அடங்குகிறது, தசைநாணின் தாங்கும் சக்தியோ அதே நாட்களில் இன்னும் குறைகிறது, பிறகு வேலை மட்டும் முழு வேகத்தில் திரும்புகிறது. லீவு நாட்களிலும் பாட்டில் பயிற்சியை விடாதீர்கள். திரும்பும்போது முதல் வாரம் பாதி வேலை, முடிந்தால் உதவியாளிடம் உருண்டையைக் கொடுத்துவிட்டு வீசுவதை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். முதலாளியிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள், மாதக்கணக்கில் லீவு போடுவதைவிட அவருக்கும் அது லாபம்.

வலி போன பிறகும் பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது, இன்னும் சில மாதம், செய்ய வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

## அறிகுறி: பயிற்சி செய்தாலே வலி கூடுகிறது

மறுநாள் காலை வலி ஏறியிருந்தால் எடையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். அப்படியும் கூடினால் அசைக்காத பயிற்சிக்கே இறங்கி ஒரு வாரம் இருங்கள். முழங்கையை நீட்டி வைத்து விரல்களைப் பின்னால் இழுக்கும் நீட்சியை ஆர்வமாகத் தினமும் பத்துத் தடவை செய்கிறவர்கள் உண்டு, அதை முதலில் நிறுத்திப் பாருங்கள், பல நேரம் எரிச்சல் அதிலிருந்துதான்.

அழுத்தி எண்ணெய் மசாஜ் நடக்கிறதா? எலும்பு முனையையும் அதன் பின்பள்ளத்தையும் கட்டை விரலால் நசுக்கி உருவினால் நரம்பு வீங்கும். முன்கைச் சதையில் மென்மையாகத் தேய்த்துவிடலாம், முனைப் பக்கம் போகக் கூடாது.

சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்றும் பாருங்கள். இவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை, குதிகாலில்தான் அதிகம், மற்ற இடங்களிலும் வரலாம். சாப்பிட ஆரம்பித்த பிறகு வலி தொடங்கியிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

## அறிகுறி: மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன

இது நரம்பு. தசைநாண் வலியோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும்.

சோதனை: முழங்கையை முழுசாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த இரண்டு விரலில் குறுகுறுப்பு ஏறுகிறதா? பின்பள்ளத்தை விரலால் மெல்லத் தட்டினால் சுண்டு விரலுக்குச் சுரீரென்று போகிறதா? பிறகு ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். விடாமல் பிடிக்கக் கட்டை விரல் நுனி மடங்கிக்கொண்டால் தசை பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

எளிய காரணங்கள் நிறைய. கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, போனைக் காதிலேயே வைத்து மணிக்கணக்கில் பேசுவது, ஆபீஸ் மேசை விளிம்பிலோ பஸ் ஜன்னலிலோ முழங்கையை ஊன்றுவது. பகலில் இவற்றை நிறுத்தி, இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள், மடங்காமல் இருக்கும். சில வாரத்தில் குறைய வேண்டும்.

குறையாமல் மரப்பு நாள் முழுக்க நிலைத்துவிட்டாலோ, சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலோ, புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை குழி விழுந்தாலோ தாமதிக்காமல் எலும்பு மருத்துவரையோ கை அறுவை சிகிச்சை நிபுணரையோ பாருங்கள். நரம்புக் கடத்தல் சோதனை எழுதுவார்கள். வற்றிப்போன தசை முழுசாகத் திரும்புவது கஷ்டம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட மாட்டேன். பின்பள்ளத்தில் நரம்பு தடித்துக் கயிறாகத் தட்டுப்பட்டு, உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த வெளிர் அல்லது சிவந்த தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். அல்நார் நரம்பு அந்த நோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் ஒன்று. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசம், ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் குணமாகிவிடும். மறைத்தால்தான் விரல்கள் மடங்கிப்போகும்.

## அறிகுறி: பந்து எறியும்போது மட்டும் வலிக்கிறது

பெரியவர்களா, வளரும் பிள்ளையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பத்து முதல் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, கோச்சிங்கில் தினமும் பந்து போடுகிறான், பவுண்டரியிலிருந்து எறிகிறான், உள்முனையில் வலி என்கிறான் என்றால் அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் ஒட்டவில்லை, தசைநாணைவிட அதுதான் முதலில் அடிபடும். மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் வேண்டாம். எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். மேட்ச் இருக்கிறது, இந்த ஞாயிறு மட்டும் ஆடட்டும் என்று பெற்றோர் என்னிடம் கெஞ்சுவதுண்டு. கூடாது.

பெரியவர்களுக்கு, சோமசுந்தரம் கிரவுண்டிலோ மெரினாவிலோ ஞாயிறு மட்டும் ஆடுகிறவர்கள் என்றால், பெரும்பாலும் வார்ம்-அப் இல்லாமல் முழு வேகத்தில் எறிந்ததுதான் காரணம். சில வாரம் எறிவதை விட்டுவிட்டு, பாட்டில் பயிற்சியோடு தோள்பட்டைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எறிந்த நொடியில் 'டப்' என்று சத்தம், பிறகு உள்பக்கம் நீலம் கட்டியது, மூட்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றால் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிகமென்ட் கிழிந்திருக்கலாம். எம்ஆர்ஐ தேவைப்படும், நேராக நிபுணரிடம் போங்கள்.

## அறிகுறி: முழங்கையில் ஒன்றும் தெரியவில்லை, கை முழுக்கக் குடைகிறது

தலையை வலிக்கும் பக்கமாகச் சாய்த்து அண்ணாந்து பாருங்கள். கை வலி கூடினால் கழுத்து நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள். முழங்கைக்குப் பட்டை போட்டுப் பயனில்லை, கழுத்தைக் காட்டுங்கள்.

## அறிகுறி: மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை

ஒழுங்காக என்றால் எடை ஏறியிருக்க வேண்டும். மூன்று மாதமும் அதே அரை லிட்டர் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தால் அது கணக்கில் சேராது. ஏற்றியும் மாறவில்லை என்றால் இப்போது எலும்பு மருத்துவர். முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

ஊசி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு நன்றாகவே வலியைக் குறைக்கும். ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தால் போடாதவர்களைவிடப் பெரிய முன்னேற்றம் இருப்பதில்லை, வலி போய்விட்டதே என்று அன்றைக்கே கேன் தூக்கினால் திரும்ப வருவதும் நடக்கிறது. போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், கொழுப்பு கரைந்து குழி விழலாம், நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு சில நாள் சர்க்கரை ஏறும், மாத்திரை அளவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அல்நார் நரம்பு இருப்பதால் யாரிடம் போடுகிறோம் என்பதும் முக்கியம், ஸ்கேன் பார்த்துப் போடுபவராக இருந்தால் நல்லது. தூக்கமே வராத வலி என்றால் ஒரு தடவை போட்டுக்கொண்டு, வலி குறைந்திருக்கும் அந்த வாரங்களில் பயிற்சியைத் தொடங்குங்கள். திரும்பத் திரும்பப் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி செலவு அதிகம், முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அதிர்வலைச் சிகிச்சையும் அப்படித்தான். கடன் வாங்கிச் செய்ய வேண்டியவை அல்ல இவை.

அறுவை சிகிச்சை கடைசி. ஆறு மாதத்துக்கு மேல் முறையாக எல்லாம் செய்தும் வேலை செய்ய முடியாமல் இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் அது தேவைப்படும். நைந்த பகுதியை எடுத்துவிட்டுத் தசைநாணை மறுபடி பொருத்துவார்கள், நரம்பும் சிக்கியிருந்தால் அதையும் விடுவிப்பார்கள். பழைய வேலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், அதிலும் பயிற்சி உண்டு. தனியார் செலவு தாங்காது என்பவர்கள் சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் எலும்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம், நரம்பும் பாதித்திருந்தால் கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்போன ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது பழைய சீட்டுகள், எந்த மாத்திரை எத்தனை நாள், எந்தப் பயிற்சி எந்த எடையில் செய்தீர்கள், எந்த வேலை செய்தால் வலிக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.